கட்டற்ற மென்பொருள் கொள்கை பெருசா, வேலை நடக்கறது பெருசா: என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்விகள்

நான் வீட்டுல லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலா போடற கட்டற்ற ஆப்பரேட்டிங் சிஸ்டம்) ஓட்டறவன், தெரிஞ்சவங்க பழைய லேப்டாப்புக்கும் போட்டுக் குடுப்பேன், அதனால ரெண்டு பக்கமும் திட்டு விழும். மாமா "எல்லாரும் மாதிரி விண்டோஸ் வச்சுட்டுப் போயேன்டா"ம்பாரு. இன்னொரு பக்கம் லினக்ஸ் நண்பர் ஒருத்தர், "உன் மெஷின்ல மூடின டிரைவர் (உள்ள என்ன எழுதியிருக்குன்னு கம்பெனி காட்டாத, ஹார்டுவேரை ஓட்டற மென்பொருள்) ஓடுது, நீயெல்லாம் கட்டற்ற மென்பொருள் பத்திப் பேசலாமா"ம்பாரு. ஒரே பதிலை வாட்ஸப்புல நூறு தடவை டைப் பண்ணி கை வலிச்சதுதான் மிச்சம் (வாட்ஸப்பே கட்டற்றது இல்லைன்னு தெரியும், கீழ வரேன்). அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன்.

கே: கட்டற்ற மென்பொருள்னா இலவச சாஃப்ட்வேர்தானே?

இல்லீங்க. இங்கிலீஷ்காரங்களுக்கு "ஃப்ரீ"ங்கற ஒரே வார்த்தைல ரெண்டு அர்த்தம், அதை விளக்கியே பாதி வாழ்நாள் போச்சு அவங்களுக்கு. நமக்கு அந்தப் பிரச்சினை கிடையாது. இலவசம்னா மிக்ஸி, கிரைண்டர். கட்டற்றதுன்னா கட்டு இல்லாதது. நாலு உரிமை இருக்கணும், எதுக்கு வேணா ஓட்டலாம், உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு பாத்து மாத்திக்கலாம், காப்பி போட்டு அடுத்தவங்களுக்குக் குடுக்கலாம், நீங்க மாத்தினதையும் குடுக்கலாம். இதை 1லேர்ந்து எண்ண மாட்டாங்க, 0லேர்ந்து 3 வரைக்கும்தான் எண்ணுவாங்க, ப்ரோக்ராமர் புத்தி. காசு வாங்கறதுக்குத் தடையே இல்ல, இந்த இயக்கத்தை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985ல ஈமாக்ஸ் எடிட்டரை டேப்ல போட்டு 150 டாலருக்கு வித்தவரு. அதுக்கு நேர் எதிரா குரோம், வாட்ஸப் எல்லாம் பைசா வாங்கல, ஆனா கட்டு உண்டு.

கே: ஓப்பன் சோர்ஸ்னு சொல்றதும் இதுதானா?

கோடு, அதாவது ப்ரோக்ராமர் எழுதற மூல வரிகள், பெரும்பாலும் ஒண்ணுதான், காரணம்தான் வேற. 1998ல அந்தப் பேரைக் கொண்டு வந்தவங்களுக்கு, நியாயம் சுதந்திரம்னு பேசினா கம்பெனிக்காரன் ஓடிருவான்னு கவலை, அதனால "தொறந்து வச்சா சாஃப்ட்வேர் நல்லா வரும்"னு பேசினாங்க. ஸ்டால்மன் கட்சி, நல்லா வரலைன்னாலும் மூடி வைக்கறது தப்புதான்னு சொல்லுது. கொள்கையா நடைமுறையாங்கற சண்டை முழுக்க இந்த ஒரு இடத்துலேர்ந்துதான் கிளம்புது.

கே: அந்த ஸ்டால்மன் ஏன் அவ்ளோ பிடிவாதம் புடிக்கறாரு?

எல்லாம் ஒரு பிரிண்டரால வந்தது. அமெரிக்கால எம்ஐடி யுனிவர்சிட்டியோட ஏஐ லேப்ல இவரு வேலை பாத்தாரு, அங்க பிரிண்டர் வேற மாடில இருக்கும், பேப்பர் சிக்கினா தெரியாது, அதனால இவரு கோடை மாத்தி, சிக்கினா பிரிண்ட் குடுத்தவங்க ஸ்கிரீனுக்கு மெசேஜ் வர்ற மாதிரி செஞ்சு வச்சிருந்தாரு. அப்புறம் ஜெராக்ஸ் கம்பெனி புது லேசர் பிரிண்டர் ஒண்ணு குடுத்தது, அதுக்கு சோர்ஸ் கோடு வரல. கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ஒருத்தர்கிட்ட அது இருக்குன்னு கேள்விப்பட்டு நேர்ல போய்க் கேட்டா, "தர மாட்டேன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்"னுட்டாரு அவரு. நம்மளா இருந்தா நாலு கெட்ட வார்த்தையோட விட்டுருப்போம். இவரு 1983 செப்டம்பர்ல, ஒரு முழு ஆப்பரேட்டிங் சிஸ்டத்தையே கட்டற்றதா எழுதப் போறேன்னு அறிவிச்சுட்டாரு, அதான் குனு.

சொன்னபடியே வாழறவரு. செல்போன் வச்சுக்கறதில்ல. பயாஸ் (ஆன் பண்ணதும் முதல்ல ஓடற மென்பொருள்) வரைக்கும் கட்டற்றதா இருக்குங்கற ஒரே காரணத்துக்காக லெமோட்டுன்னு ஒரு சின்ன சீன லேப்டாப்பை வருஷக்கணக்கா ஓட்டினாரு. என்னால முடியாது, சத்தியமா முடியாது. கன்னிச்சாமி கணக்கா மாலை போட்டு முழு விரதம் இருக்கறவங்க சில பேர், மாலையே போடாம சும்மா கோயிலுக்குப் போய்ட்டு வர்றவங்க மத்த எல்லாரும், நான் ரெண்டாவது கூட்டம். ஆனா விரதம் இருக்கறவரைப் பாத்து சிரிக்கறதில்ல, ஏன்னு அடுத்த பதில்ல சொல்றேன்.

கே: பிடிவாதம் புடிச்சு என்ன சாதிச்சாங்க? கடைசில நடைமுறை பாக்கறவன்தானே ஜெயிக்கறான்?

இதுக்கு நான் எப்பவும் பிட்கீப்பர் கதையத்தான் சொல்லுவேன். லினக்ஸோட மையப் பகுதியான கர்னலுக்கு நெறய பேரு பேட்ச் (கோடுல செய்யற திருத்தம்) அனுப்புவாங்க, அப்ப எல்லாம் ஈமெயில்ல, லினக்ஸை ஆரம்பிச்ச லினஸ் டோர்வால்ட்ஸ் ஒத்த ஆளு பாத்துச் சேக்கணும், பாதி விட்டுப்போகும், சண்டை வரும். 2002ல அவரு பிட்கீப்பர்னு, கோடுல யாரு எப்ப என்ன மாத்தினாங்கன்னு கணக்கு வைக்கற ஒரு டூலுக்கு மாறினாரு. அது ஒரு கம்பெனியோட மூடின சாஃப்ட்வேர், கர்னல் ஆளுங்களுக்கு மட்டும் ஓசி, ஆனா ஒரு நிபந்தனை, இதை ஓசில யூஸ் பண்றவன் இதுக்குப் போட்டியா வேற டூல் எழுதக் கூடாது. ஸ்டால்மன் கத்தினாரு, வேற சிலரும் கத்தினாங்க. லினஸ் கேக்கல, நல்லா வேலை செய்யுது அது போதும்ங்கறது அவரு கட்சி, உண்மையிலயே நல்லாவும் வேலை செஞ்சது, வேலை வேகம் எகிறுச்சு.

மூணு வருஷம் ஓடுச்சு. 2005ல, சாம்பான்னு இன்னொரு கட்டற்ற மென்பொருளை எழுதின ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பிட்கீப்பர் சர்வர்கூட பேசறதுக்குத் தானே ஒரு கிளையண்ட் எழுத ஆரம்பிச்சாரு. பெரிய ஹேக்கிங் ஒண்ணும் இல்ல, டெல்நெட்ங்கற சாதா டூல்ல சர்வருக்குப் போய் "ஹெல்ப்"னு அடிச்சா அதுவே கமாண்டு லிஸ்ட்டைக் குடுக்குது, அதைப் பின்னாடி ஒரு மேடைலயே செஞ்சு காட்டினாரு. கம்பெனி கடுப்பாகி ஓசி லைசன்ஸை வாபஸ் வாங்கிருச்சு. உலகத்துலயே பெரிய கட்டற்ற மென்பொருள் திட்டங்கள்ல ஒண்ணுக்கு ஒரே ராத்திரில சட்டி பானை இல்ல. லினஸுக்கு ட்ரிட்ஜெல் மேலதான் கோவம், அது தனிக் கதை. ஆனா உக்காந்து ஏப்ரல்ல சொந்தமா ஒண்ணு எழுத ஆரம்பிச்சாரு, ஜூன்ல வந்த 2.6.12 கர்னலே அதுலதான் வந்துச்சு. அதான் கிட். இன்னிக்கு ப்ரோக்ராமிங் பண்றவங்கள்ல பெரும்பாலானவங்க அது இல்லாம வேலை பாக்கறதில்ல.

இதுல யாரு ஜெயிச்சா? ரெண்டு பேரும்தான்னு எனக்குத் தோணும். கத்தினவன் சொன்னது அப்படியே நடந்துச்சு, அடுத்தவன் கைல சாவி இருந்தா ஒருநாள் பூட்டுவான்னான், பூட்டினான். ஆனா பிட்கீப்பரை மூணு வருஷம் ஓட்டாம இருந்திருந்தா கிட் எப்படி இருக்கணும்னு லினஸுக்குத் தெரிஞ்சிருக்காது. கூத்து என்னன்னா அந்த கிட்டை இப்ப பாதி உலகம் கிட்ஹப்ங்கற தளத்துல வச்சிருக்கு, அது மூடினது, 2018ல மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கினது. நானும் அங்கதான் வச்சிருக்கேன். ஆனா நாளைக்கே பூட்டினாலும் என் கோடு முழு வரலாறோட என் லேப்டாப்ல இருக்கும், கிட்டோட அமைப்பே அப்படி. பிட்கீப்பர்ல மாட்டினதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஒண்ணுதான்.

கே: லினக்ஸ் போட்டேன், வைஃபை வரல. "ஃபர்ம்வேர் கட்டற்றது இல்ல"ன்னு கொள்கை பேசறாங்க. எனக்கு எதுக்கு இந்தத் தலவலி?

கோவம் நியாயமானதுதான், நானும் பட்டிருக்கேன். அத்தை பையன் லேப்டாப்புக்கு டெபியன்ங்கற லினக்ஸ் வகையைப் போட உக்காந்தேன், வைஃபை கார்டுக்கு ஃபர்ம்வேர் (அந்தக் கார்டுக்குள்ளயே ஓடற குட்டி மென்பொருள்) ஃபைல் வேணும், அது நெட்ல இருக்கு, நெட்டுக்கு வைஃபை வேணும், அந்த லேப்டாப்புல லேன் ஓட்டையும் இல்ல. பைத்தியம் தெளியணும்னா கல்யாணம் பண்ணணும், கல்யாணம் ஆகணும்னா பைத்தியம் தெளியணும் கதைதான். கடைசில போனை யூஎஸ்பில செருகி நெட் எடுத்தேன்.

டெபியன் ரொம்ப வருஷம் அப்படித்தான் இருந்துச்சு. ஃபர்ம்வேர் சேத்த சிடியும் அவங்களே செஞ்சு வச்சிருப்பாங்க, ஆனா "அதிகாரப்பூர்வமில்லாதது"ன்னு எழுதி ஒரு மூலைல ஒளிச்சு வச்சிருப்பாங்க, தெரிஞ்சவன் எடுத்துக்குவான், புதுசா வர்றவன் மாட்டிக்குவான். 2022ல ஓட்டெடுப்பு நடத்தி, தங்களோட கொள்கை சாசனமான சமூக ஒப்பந்தத்துலயே ஒரு வரி சேத்து, இனிமே சாதா இன்ஸ்டாலர்லயே ஃபர்ம்வேரும் வரும்னு முடிவு பண்ணாங்க, 2023 ஜூன்ல வந்த டெபியன் 12லேர்ந்து அப்படித்தான். என்னைக் கேட்டா பத்து வருஷம் முன்னாடியே செஞ்சிருக்கணும்.

எஃப்எஸ்எஃப், அதாவது ஸ்டால்மன் ஆரம்பிச்ச அமைப்பு, டெபியனைத் தன் சிபாரிசு லிஸ்ட்ல சேக்கல, இத்தனைக்கும் 1994-95ல ஒரு வருஷம் அதுக்குக் காசு குடுத்து வளத்ததே அவங்கதான். அவங்க லிஸ்ட்ல ட்ரிஸ்குவெல்ங்கற லினக்ஸ் மாதிரி சிலதுதான் இருக்கும். இதுல எனக்கு ஒட்டாத ஒரு விஷயம் என்னன்னா, அதே ஃபர்ம்வேர் சிப்புக்குள்ளயே எரிச்சு வச்சிருந்தா அது ஹார்டுவேர் மாதிரி, பரவால்லையாம், டிஸ்க்ல இருந்து லோடு ஆனா தப்பாம். கோடு அதே கோடுதானேய்யா! மாத்த முடியாததை யாராலயும் மாத்த முடியாது, மாத்த முடியறதை கம்பெனி மட்டும் மாத்தறது தப்புன்னு அவங்க வாதம். வாதத்துல ஓட்டை இல்ல, ஆனா அத்தை பையனுக்கு நெட் வரணுமே.

கே: என்விடியா?

2012ல ஃபின்லாந்துல ஒரு மேடைல லினக்ஸுக்கு ஒத்துழைக்கலைன்னு லினஸ் அந்த கிராஃபிக்ஸ் கார்டு கம்பெனிக்கு நடுவிரலைக் காட்டினாரு. 2022ல கர்னல் பக்க டிரைவர் கோடைத் தொறந்தாங்க. மேல இருக்கற பாதி இன்னும் மூடிதான் இருக்கு. வாங்கும்போதே இன்டெல் இல்ல ஏஎம்டி கிராஃபிக்ஸ் பாத்து வாங்குங்க, முடிஞ்சுது கதை.

கே: கடைல டாலி, ஸ்டுடியோல போட்டோஷாப். இதுக்கு என்ன சொல்றீங்க?

விண்டோஸ் வச்சுக்குங்கன்னு சொல்றேன். என் வீட்டம்மா கணக்கு வேலை பாக்கறாங்க, டாலி லினக்ஸுக்குன்னு வர்றதில்ல, ஆடிட்டர் கேக்கறதும் டாலி ஃபைல்தான், அதனால வீட்டுல ஒரு விண்டோஸ் மெஷின் இருக்கு, எனக்கு அதுல வெக்கம் எதுவும் இல்ல. போட்டோஷாப் மாதிரி கட்டற்ற கிம்ப் இருக்கே, படம் வரைய இன்க்ஸ்கேப் இருக்கேன்னு ஒரு கல்யாண ஆல்பம் போடற ஆள்கிட்டப் போய் சொல்றது வம்பு. இருபது வருஷம் விரல்ல ஏறின ஷார்ட்கட்டை நம்ம கொள்கைக்காக மறக்கச் சொல்ல நாம யாரு?

கே: அப்ப எல்லாத்துலயும் சமரசம் பண்ணிக்கலாம்னு சொல்லுங்க!

இல்ல. டிரைவர்ல பண்ணுங்க, கேம்ஸ்ல பண்ணுங்க, ஃபைல்ல பண்ணாதீங்க. இதை எனக்குக் கத்துக் குடுத்தது சித்தப்பா புத்தகம்.

எங்க ஊர்க் கோயில் வரலாறு, பல வருஷம் அலைஞ்சு சேத்து எழுதினது, இருபது வருஷம் முன்னாடி டவுன்ல டிடிபி பண்ணி நூறு நூத்தம்பது பக்கத்துல போட்டாங்க. ரெண்டாவது பதிப்புன்னு சொல்லி சிடியோட வந்தாரு. சிடி நல்லா இருக்கு, ஃபைலும் இருக்கு, உள்ள தமிழ்தான் இல்ல. அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட் எல்லாம் என்ன பண்ணும்னா, இங்கிலீஷ் எழுத்து இருக்கற கட்டத்துல தமிழ் எழுத்து படத்தை வச்சிருக்கும். பாமினிங்கற ஃபான்ட்ல "அம்மா"ன்னு அடிச்சா கம்ப்யூட்டருக்குத் தெரியறது எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச், அவ்ளோதான், அம்மாவைக் காட்டறது ஃபான்ட் மட்டும். டாப், டாம், டிஸ்கி, வானவில்னு ஒவ்வொண்ணுக்கும் வேற வேற கட்டம். சித்தப்பா புத்தகத்துல இருந்தது இது எதுவுமே இல்ல, ஒரு சின்ன கம்பெனி ஃபான்ட், டாங்கிள்னு சாவி மாதிரி ஒண்ணைக் கம்ப்யூட்டர்ல செருகினாத்தான் டைப்பிங் சாஃப்ட்வேர் ஓடும், டாங்கிள் போன இடம் தெரியல, கம்பெனி போன இடமும் தெரியல. அவரே எழுதின எழுத்து, அவரு காசு குடுத்து அடிச்சது, அவராலயே படிக்க முடியல.

எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் குடுக்கற பொது முறையான யுனிகோடுல தமிழ் 1991லயே இருக்கு, ஆனா நம்ம பிரஸ்கள்ல பக்கம் அமைக்க ஓடின பேஜ்மேக்கருக்கு யுனிகோடு தெரியாது, அதுவும் 2001ல வந்த 7.0ஓட நின்னு போச்சு, இருந்தும் அதுக்கப்புறம் பல வருஷம் நம்ம ஆளுங்க அதுலயே ஓட்டினாங்க, வேலை நடந்துச்சு இல்லையா, அதான். இன்னிக்கு அந்த ஃபைலைத் தொறக்கறது எது தெரியுமா? லிப்ரஆஃபிஸ்ங்கற கட்டற்ற ஆஃபிஸ் மென்பொருள். செத்துப் போன ஃபைல் வகைகளைப் படிக்கறதுக்குன்னே சில பேரு உக்காந்து ஒவ்வொரு பைட்டா பிரிச்சுப் பாத்து எழுதினது, 2015ல 4.4 வெர்ஷன்லேர்ந்து பேஜ்மேக்கர் ஃபைல் அதுல தொறக்குது. இதுல என்ன லாபம் அவங்களுக்கு? ஒண்ணும் இல்ல. "உன் ஃபைல் உனக்குச் சொந்தம்"ங்கற பிடிவாதம் மட்டும்தான்.

சித்தப்பா ஃபைல்லேர்ந்து எழுத்தை வெளிய எடுத்தோம், அச்சுப் புத்தகத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எந்த இங்கிலீஷ் எழுத்து எந்தத் தமிழ் எழுத்துன்னு ஒரு பட்டியல் போட்டு, சின்ன பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதி யுனிகோடுக்கு மாத்தினோம். கொம்பு முன்னாடி வர்றதால கெ, கே, கொ எல்லாம் எடம் மாறி மாறி வந்து உயிரை எடுத்துச்சு. மூணு வாரம். முப்பது பக்கம் கைலயே திரும்ப அடிச்சாரு மனுஷன்.

அதனால எந்த சாஃப்ட்வேர் வேணா யூஸ் பண்ணுங்க, வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாருங்க, இதுலேர்ந்து என் சரக்கை எல்லாரும் படிக்கற வடிவத்துல வெளிய எடுக்க முடியுமா? முடியும்னா சரி. முடியாதுன்னா ஓசிக்குக் குடுத்தாலும் வேண்டாம்.

கே: கட்டற்ற மென்பொருள்ல தமிழ் ஒழுங்கா வருமா?

இப்ப வருது. முன்னாடி வரலைன்னு சொன்னா நம்ம ஆளுங்களுக்குக் கோவம் வரும், ஆனா உண்மை அதுதான். பேஜ்மேக்கருக்கு மாத்துன்னு நாம எல்லாரும் ஸ்கிரைபஸைக் கைகாட்டுவோம், அதுல ரொம்ப வருஷம் தமிழ் உடைஞ்சு உடைஞ்சுதான் வரும், கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம். 2017ல 1.5.3 சோதனை வெர்ஷன்லதான் சரியாச்சு, அது நிலையான 1.6ஆ கைக்கு வந்தது 2024 ஜனவரில. அதுவரைக்கும் ஒரு பிரஸ்காரர் காத்திருப்பாரா? ஃபான்ட் பக்கம் நிலைமை தேவலாம், லோஹித், நோட்டோ, முக்த மலர், மீரா இனிமை எல்லாம் கட்டற்றது. இதுல மீரா இனிமையை நமக்குச் செஞ்சு குடுத்தது மலையாளத்துக்காரங்க, சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங். சொல்லிட்டேன், அப்புறம் உங்க இஷ்டம்.

கே: எனக்குக் கோடு படிக்கவே தெரியாது. சோர்ஸ் தொறந்திருந்தா எனக்கு என்ன?

உங்களுக்கு பைக் இன்ஜின் பிரிக்கத் தெரியாது, தெருமுனை மெக்கானிக்குக்குத் தெரியும், அந்த மாதிரி. 2024 மார்ச்ல ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட்னு ஒருத்தர், லாகின் ஆக அரை செகண்டு அதிகமா ஆகுதேன்னு சந்தேகப்பட்டு நோண்டிப் பாத்தாரு, எக்ஸ்இசட்ங்கற, ஃபைலைச் சுருக்கற கட்டற்ற டூல்ல யாரோ கள்ளக்கதவு வச்சிருக்காங்க, அது பரவியிருந்தா உலகத்துல பாதி சர்வருக்குச் சாவி போயிருக்கும். தொறந்த கோடுங்கறதாலதான் அவரால அடி வரைக்கும் போக முடிஞ்சது. ஆனா முழுசாச் சொல்லணும்னா, அந்தக் கள்ளன் உள்ள வந்ததும் அதே தொறந்த கதவு வழியாத்தான், அந்த டூலைக் காசு வாங்காம ஒத்த ஆளா பாத்துட்டிருந்தவரு களைச்சுப் போயிருந்தாரு, உதவிக்கு வர்ற மாதிரி வருஷக்கணக்கா நல்ல பேரு வாங்கி உள்ள நுழைஞ்சான். கண்டுபிடிச்ச ஃப்ராயிண்ட் வேலை பாக்கற இடம் மைக்ரோசாஃப்ட். இந்த விஷயத்துல யாரு நல்லவன் யாரு கெட்டவன்னு கோடு போட்டுப் பிரிக்க முடியாதுங்க.

கே: அரசாங்கங்கள் எல்லாம் மாறிப் பாத்து திரும்பி வந்துட்டாங்களே?

ஜெர்மனியோட முனிச் நகராட்சியைச் சொல்றீங்க. லினக்ஸுக்கு மாறலாம்னு 2003ல முடிவு பண்ணி, பதினஞ்சாயிரம் மெஷின் கிட்ட மாத்தி, 2013ல முடிச்சு, 2017ல திரும்ப விண்டோஸுக்கே போறோம்னு தீர்மானம் போட்டாங்க. அதைச் சொல்றவங்க கேரளாவைச் சொல்ல மாட்டாங்க, அங்க அரசுப் பள்ளிக்கூடங்கள்ல இன்னிக்கும் லினக்ஸ்தான். நம்மூர்ல 2011லேர்ந்து குடுத்த இலவச லேப்டாப்புலயும் விண்டோஸ் பக்கத்துலயே பாஸ் லினக்ஸ் இருந்துச்சு, மத்திய அரசோட சிடாக் நிறுவனம் சென்னைல செஞ்சது, நான் பாத்த பசங்க ஒருத்தனும் அந்தப் பக்கம் போகல. ஏன்னா கேரளால ஐடி பாடப்புத்தகமே அதுல இருக்கற டூல்களை வச்சுத்தான், வாத்தியாருங்களுக்கும் அதுலதான் ட்ரெய்னிங். இங்க டிஸ்க்ல மட்டும் போட்டாங்க.

கே: உங்க போன்ல?

ஆண்ட்ராய்டு. அடில இருக்கற கர்னல் லினக்ஸ், ஜிபிஎல்ங்கற கட்டற்ற லைசன்ஸ்ல வருது, மேல இருக்கற கூகிளோட சொந்த ஆப் எல்லாம் மூடினது. முடிஞ்சதை, கட்டற்ற ஆப் மட்டும் தர்ற எஃப்-டிராய்டுலேர்ந்து போட்டிருக்கேன். யூபிஐ, பேங்க் ஆப், வாட்ஸப் மூணுக்கும் வழியில்ல, குடும்ப குரூப்பை விட்டு வெளிய வந்து பாருங்க, அம்மாவே போன் பண்ணித் திட்டுவாங்க.

கே: விண்டோஸ் 10க்கு அப்டேட் நின்னு போச்சு. பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடறதா?

வேண்டாம். 2025 அக்டோபர் 14ஓட நின்னுச்சு, விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப்பும் புது ப்ராசஸரும் கேக்குது, அதனால ஓடற மெஷின் நிறைய வீட்டுல சும்மா கிடக்கு. லினக்ஸ் மிண்டை பென்டிரைவ்ல போட்டு, இன்ஸ்டால் பண்ணாமயே பூட் பண்ணி, வைஃபை, சவுண்டு, பிரிண்டர், தமிழ்99 டைப்பிங் நாலும் வருதான்னு பாருங்க. பிரிண்டரைக் கண்டிப்பா பாருங்க, அங்கதான் எப்பவும் உதைக்கும், 1980லயும் பிரிண்டர்தான், இப்பவும் பிரிண்டர்தான். எல்லாம் வந்தா, ஃபைலை ஹார்டுடிஸ்க்ல காப்பி எடுத்துட்டு அப்புறம் போடுங்க.

மாமா லேப்டாப்பும் இதுல மாட்டிக்கிச்சு, இந்த ஞாயித்துக்கிழமை போய் மிண்ட் போடறேன். கொள்கை, சுதந்திரம், சோர்ஸ் கோடு எதுவும் அவரு கேக்கல, சாலிட்டேர் இருக்குமான்னு மட்டும் கேட்டாரு. இருக்கு மாமா, போட்டுத் தரேன்.